இயக்குநர் காருக்கு ஒரு ஷாம்பு

நேர்மை வாரியத்தின் இயக்குநருக்கு ஒரு கருப்புக் கார் இருந்தது. சாதாரணக் கருப்பு இல்லை; பக்கத்தில் போய் நின்றால் மூக்கு நுனியில் இருக்கும் பருவைக்கூடக் காட்டிக்கொடுக்கும் கருப்பு. தினமும் காலையில் இயக்குநர் பின்கதவில் தன் முகத்தைப் பார்த்து, டையைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் ஏறி உட்காருவார். ஒரு நாள் அப்படிப் பார்த்தபோது அவர் முகத்தின் மேல் சிலந்தி வலை விழுந்திருந்தது. கையால் தட்டினார். போகவில்லை. கைக்குட்டையால் துடைத்தார். அப்போதும் போகவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது: வலை பெயின்ட்டில் இருந்தது. கதவு முழுக்க வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள்.

"யார் பண்ணினது இதை?"

டிரைவர் உடனே முன்னால் வந்து நின்றான். "நான்தான் சார். காக்கா எச்சம் காஞ்சு ஒட்டிக்கிச்சு. பாத்திரம் தேய்க்கிற நாரை வச்சுத் தேய்ச்சுட்டேன். சக்கரத்தையும் அதாலதான் தேய்ச்சேன். தப்புதான் சார்."

வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். டிரைவருக்கு நாலு திட்டு, காருக்கு ஒரு ஷாம்பு, சக்கரத்துக்கு அதற்கென்று விற்கிற ஒரு திரவம், மெத்தென்று இரண்டு துணி. ஆனால் நேர்மை வாரியத்தின் வேலையே, மற்ற அலுவலகங்கள் எதையாவது வாங்கினால் அதில் தில்லுமுல்லு இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பதுதான். கேட்ட மாத்திரத்தில் ஒருவன் தப்பை ஒப்புக்கொள்கிறான் என்றால் அதற்குப் பின்னால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்பது அங்கே வாசல் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும்.

"யாரைக் காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்றே?" என்றார் இயக்குநர்.

டிரைவர் திருதிருவென்று விழித்தான். விழித்தது சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. இயக்குநர் காரின் பெயின்ட்டையும் சக்கரங்களையும் சுத்தம் செய்ய எந்தெந்தப் பொருளை வாங்கலாம் என்று முடிவுசெய்ய அன்று மதியமே ஒரு குழு அமைக்கப்பட்டது.

அந்த நேரத்தில் போர்டம்மா தன் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். வாரியத்துக்கு வரும் டெலிபோன் அழைப்புகளை அந்தந்த அறைக்குத் திருப்பிவிடுவதுதான் அவளுடைய வேலையாக இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் டெலிபோன் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளை எங்கே எடுத்துக்கொண்டு போவது என்று தெரியாததால் அங்கேயே விட்டுவிட்டார்கள். சுவரில் போர்டு இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு சதுரம், அதற்கு முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியில் அவள். போர்டு போன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை.

துணை இயக்குநர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் முடிப்பதற்குள் ஒரு "இருந்தாலும்" போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'இருந்தாலும்'தான்.

"உங்களுக்குக் கார் இருக்கா?"

"இல்லீங்க சார்."

"ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"கழுவிப் பழக்கம்?"

"எங்க வீட்டுல சைக்கிள்கூட இல்லீங்க சார்."

"பிரமாதம்!" என்று அவர் மேசையைத் தட்டினார். "நீங்க குழுவுல இருக்கீங்க. விஷயம் தெரிஞ்ச ஆள்னா இது நல்ல ஷாம்பு, அது மட்டமான ஷாம்புன்னு எதையாவது சொல்லிடுவான். அப்புறம் அவனுக்கு அது எப்படித் தெரிஞ்சதுன்னு நாம விசாரிக்கணும். ஒண்ணுமே தெரியாதவங்கதான் நேர்மையா இருக்க முடியும். இருந்தாலும்..." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "நல்லபடியா முடிச்சுக் குடுத்தீங்கன்னா முன்வாசல்ல வரவேற்பு மேசை காலியா இருக்கு. இல்லேன்னா எல்லைக் கிளையில ஆள் கேக்கறாங்க."

எல்லைக் கிளை என்பது பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய இடம். இங்கிருந்து அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாகப் பேச்சில்லை. போர்டம்மாவுக்கு இந்த ஊரில் வீடு, வீட்டுக்காரர், மாடியில் நாத்தனார், வாசலில் அவள் வைத்து வளர்க்கும் செடிகள் எல்லாம் இருந்தன. "செய்யறேன் சார்" என்றாள்.

குழுவின் முதல் கூட்டத்துக்கு நாலு பேர் வந்தார்கள். தலைவராகத் துணை இயக்குநர் 'இருந்தாலும்'. உறுப்பினர்களாகக் கண்காணிப்பு அதிகாரி, கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர், போர்டம்மா. கண்காணிப்பு அதிகாரி அறைக்குள் வந்ததும் உட்காரவில்லை. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். தண்ணீர்க் குவளையை முகர்ந்து பார்த்தார். அலுவலகத்தில் அவரை மோப்பம் என்பார்கள். அவர் இருக்கும்போது யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்பதால் அது அவருக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று சொல்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தது.

"சந்தேகப்படறது கெட்ட குணம்னு வெளியில சொல்லுவாங்க" என்று அவர் ஆரம்பித்தார். "நமக்கு அதுக்குத்தான் சம்பளம். நான் வீட்டுலயும் அப்படித்தான். என் மனைவி காபி போட்டுக் கொண்டுவந்தா ரெண்டு டம்ளரையும் மாத்தி வச்சுட்டுத்தான் குடிப்பேன். கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான். இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுமே நடக்கல. இவ்வளவு வருஷமா ஒண்ணுமே நடக்கலேன்னா என்ன அர்த்தம்? அவ்வளவு கவனமா இருக்காங்கன்னு அர்த்தம்!"

'இருந்தாலும்' தலையை ஆட்டினார். போர்டம்மா காபி போடும் அந்த அம்மாவை நினைத்துக்கொண்டாள்.

இன்ஜினியர் அவசரக்காரர். "சார், இதுக்கு இவ்வளவு தூரம் போகவேண்டாம். பெயின்ட்டுக்கு அமிலமும் காரமும் இல்லாத ஷாம்பு போதும். சக்கரத்துல கருப்பா ஒட்டறது பிரேக் தேயற தூள். இரும்புப் பொடி. அதைக் கரைக்கத் தனியா ஒரு திரவம் விக்குது. அதை மட்டும் பெயின்ட் மேல ஊத்திட்டு அப்படியே விட்டுடக்கூடாது. அவ்வளவுதான். கடைக்குப் போனா அரைமணி நேர வேலை" என்றார்.

மோப்பம் மேசையைச் சுற்றி வந்து இன்ஜினியர் பக்கத்தில் நின்றார்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார் மோப்பம், ரொம்ப மெதுவாக.

"எனக்குக் கார் இருக்கு சார். ஞாயித்துக்கிழமை கழுவுவேன்."

"யாரும் சொல்லாமலா?"

"யார் சொல்லணும்?"

"நீங்களாவே, ஞாயித்துக்கிழமை, சம்பளம் இல்லாம, கார் கழுவறீங்க. நாங்க இதை நம்பணும்?"

அடுத்த கூட்டத்திலிருந்து இன்ஜினியர் குழுவில் இல்லை. கார் வைத்திருப்பவர், கார் கழுவியவர், கார் கழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரும் குழுவில் இருக்கக்கூடாது என்று தீர்மானமாயிற்று. காரைத் தினமும் தொடுகிறவன் என்பதால் டிரைவர் அந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். கார் சுத்தமாவதில் அவனுக்குச் சொந்த லாபம் இருக்கிறதாம்.

"உங்க சொந்தபந்தத்துல ஷாம்பு சம்பந்தமா யாராவது இருக்காங்களா?" என்று மோப்பம் போர்டம்மா பக்கம் திரும்பினார்.

அவளுக்குப் பொய் சொல்லி வராது. "என் நாத்தனார் பார்லர் வச்சிருக்காங்க சார். ஆனா அது தலைக்குப் போடற ஷாம்பு."

"ஷாம்பு ஷாம்புதாம்மா" என்றார் மோப்பம். மூக்கு ஒரு தடவை விரிந்து சுருங்கியது.

பல கடைகளிலிருந்து மாதிரிகள் வந்தன. பெயின்ட்டுக்கு உள்ளவை சில, சக்கரத்துக்கு உள்ளவை சில. மஞ்சளாக, நீலமாக, தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல், ஒவ்வொன்றிலும் என்ன, எப்படி, எவ்வளவு நேரம், எதன் மேல் படக்கூடாது என்று விவரமாக அச்சடித்த லேபிளோடு. லேபிள்களைப் பார்த்ததும் மோப்பம் பதறிவிட்டார். இவற்றைப் படித்தால் உறுப்பினர்கள் மனதில் ஏதாவது பதிந்துவிடும். ஒரு மதியம் முழுக்க அவரே எல்லாச் சீசாக்களையும் வாளியில் ஊறப்போட்டு, பிளேடால் சுரண்டி, லேபிள்களைக் கொளுத்தினார். பிறகு எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெள்ளைச் சீசாக்களில் ஊற்றினார். எண் போடலாமா என்று 'இருந்தாலும்' கேட்டார். எண் போட்டால் ஒன்றாம் எண்ணுக்குச் சாதகமாகிவிடும் என்றார் மோப்பம். எழுத்துப் போட்டாலும் அதே கதைதான். எனவே எதுவும் போடவில்லை.

போர்டம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. குழுவில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு வந்த முதல் சந்தேகம் அது.

"சார், இதுல எது பெயின்ட்டுக்கு, எது சக்கரத்துக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"கண்டுபிடிக்கக்கூடாதும்மா. அதுதான் நடுநிலை."

"மாத்தி ஊத்திட்டா?"

மோப்பம் அவளை உற்றுப் பார்த்தார். "மாத்தி ஊத்தப் போறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள்.

சோதனை நடக்கவேண்டுமானால் கார் அழுக்காக இருக்கவேண்டும். எனவே காரை யாரும் துடைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டு, முற்றத்தில் நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டி, அழுக்குக்குக் காவலாக ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். இயக்குநர், கோப்புக் கட்டுகளை ஏற்றிப் போகும் வேனில், கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்துபோனார். கார் நாளுக்கு நாள் நன்றாகவே அழுக்காகிக்கொண்டு வந்தது. சோதனைக்கு முந்தைய வாரம் திடீரென்று வானம் இருட்டி, ஒரு பாட்டம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. மழை விட்டபோது கார் பளபளவென்று நின்றது.

காவலாளியை விசாரித்தார்கள். போர்டம்மாவும் குழுவில் ஒருத்தி என்பதால் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

"மழை வரப்போகுதுன்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்றார் மோப்பம்.

"வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு சார்."

"அப்ப தெரிஞ்சிருக்கு."

"எல்லாருக்கும்தான் சார் தெரிஞ்சுது."

"எல்லாருக்குமா!" என்று 'இருந்தாலும்' நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நாம நினைச்சதைவிடப் பெரிய ஆளுங்க சம்பந்தப்பட்ட விஷயம்."

"நீ ஏன் தடுக்கல?" என்றார் மோப்பம்.

"மழையவா சார்?"

"எதிர்க்கேள்வி கேக்காதே. உன்னை அங்க நிறுத்தினது எதுக்கு?"

காவலாளி யோசித்துப் பார்த்தான். அவனை அங்கே எதற்கு நிறுத்தினார்கள் என்று அவனுக்கே அப்போதுதான் சந்தேகம் வந்த மாதிரி இருந்தது. அந்த வாரமே அவன் எல்லைக் கிளைக்குப் பஸ் ஏறினான்.

மறுபடி அழுக்கு வேண்டியிருந்தது. தானாகச் சேர விட்டால் மறுபடி மழை வந்து கெடுக்கும். ஆளை வைத்துப் பூசினால், எந்த ஷாம்புக்கு எளிதில் போகிற அழுக்காகப் பார்த்துப் பூசுவானோ என்று பயம். கடைசியில் போர்டம்மாவின் கண்ணைத் துணியால் கட்டி, கையில் ஒரு சட்டி சேற்றைக் கொடுத்து, காரைச் சுற்றி நடக்கவிட்டார்கள். அவள் ஒரு கையால் தடவித் தடவி நடந்து, மறு கையால் சேற்றை அள்ளி வீசினாள். பாதி காரில் விழுந்தது. ஒரு கை சேறு 'இருந்தாலும்' மேல் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் சோதனையில் தலையிட்டதாகிவிடும். அன்று முழுக்க அப்படியே கூட்டங்களுக்குப் போய்வந்தார்.

வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் போர்டம்மா நினைத்திருந்தாள். சிரிக்கும் நிலைமையில் வீடு இல்லை.

"அண்ணி, உங்க ஆபீஸ்ல மூக்கை விரிச்சு விரிச்சு மூடற ஆள் யாராவது உண்டா?" என்று நாத்தனார் மாடிப்படியில் நின்றபடியே கேட்டாள். "கருப்புக் கண்ணாடி, தொப்பி. பார்லர்ல வந்து ஒவ்வொரு சீசாவா தூக்கி மோந்து பாக்கறான். தலைக்குப் போடணும்னு சொல்லித் தொப்பியைக் கழட்டினான். உள்ள மருந்துக்கு ஒரு முடி இல்ல! இந்த ஷாம்பை சக்கரத்துக்குப் போடலாமான்னு கேட்டான். உங்க தலைக்கே போடலாமான்னு நான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன்."

போர்டம்மா படிக்குக் கீழே வந்து நின்றாள். "அவர் வேற என்ன கேட்டாரு?"

"அண்ணி வாரத்துல எத்தனை தடவை தலைக்குக் குளிப்பாங்கன்னு கேட்டான். என்ன அண்ணி நடக்குது? என்னைப் பத்தி அங்க என்ன சொன்னீங்க?"

"நீ பார்லர் வச்சிருக்கேன்னு மட்டும்தான் சொன்னேன்."

"அதை எதுக்குச் சொன்னீங்க?"

அடுத்த நாளிலிருந்து மோப்பம் பார்லருக்கு எதிரில் நின்று, உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவிரிகோலமாக உள்ளே போன பெண்கள் பளிச்சென்று வெளியே வருவது அவருக்கு விபரீதமாகப் பட்டது. இரண்டு பேரை நிறுத்தி விசாரித்தார். வாடிக்கை குறைந்தது. நாத்தனார் கீழே வந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு அரைச் சாப்பாட்டை மாடியிலும் அரைச் சாப்பாட்டைக் கீழேயும் சாப்பிட்டார். இரண்டு பக்கமும் எதுவும் பேசவில்லை. இவர் மாடியில் என்ன பேசிவிட்டு வருகிறார் என்று ஒரு நாள் தனக்கே தோன்றியபோது போர்டம்மா திடுக்கிட்டுப் போனாள். இப்படியெல்லாம் நினைக்கிறவள் இல்லை அவள்.

சோதனை நாள் வந்தது. முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. எல்லா மாடி ஜன்னல்களிலும் தலைகள். மோப்பம் கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளைச் சீசாக்களில் கைக்கு வந்த ஒன்றை எடுத்து முன்சக்கரத்தில் ஊற்றினார். நுரை வந்தது. இன்னொரு சீசாவைப் பின்சக்கரத்தில் ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சக்கரத்தின் இடுக்குகளில் செக்கச்செவேலென்று ஒரு நிறம் கிளம்பி, ஊதாவாக மாறி, கோடு கோடாக வழிந்து தரையில் சொட்ட ஆரம்பித்தது.

"ரத்தம்!" என்று கத்தினார் 'இருந்தாலும்'.

கூட்டம் பின்வாங்கியது. மோப்பம் பின்வாங்கவில்லை. அவர் முகத்தில் வெகுநாள் காத்திருந்த ஒருவருடைய நிறைவு தெரிந்தது.

மேலே ஜன்னலிலிருந்து இன்ஜினியர் கையை ஆட்டினார். "சார், பயப்படாதீங்க! அந்தத் திரவம் அப்படித்தான்! இரும்புத் தூள் கரைஞ்சா நிறம் மாறும்! லேபிள்லயே போட்டிருப்பான்!"

"பாத்தீங்களா?" என்றார் மோப்பம், மேலே பார்க்காமலே. "லேபிளைக் கொளுத்தினப்புறமும் அதுல என்ன இருந்ததுன்னு அவருக்குத் தெரியுது."

எல்லாச் சீசாவிலும் இந்தச் சதி இருக்கிறதா என்று பார்த்துவிட அவர் முடிவு செய்தார். இன்னொரு சீசாவைத் திறந்து, கவிழ்த்து, மொத்தத்தையும் காரின் மூக்கின் மேல், நட்ட நடுவில் ஊற்றினார். கண்ணைப் பறிக்கிற நெடி அடித்தது. சேறு கரைந்து வழிந்தது. நிறம் மாறவில்லை. அவர் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

டிரைவர் எங்கிருந்தோ ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். "சார், அது சக்கரத்துக்குப் போடற ஆசிட்டு மாதிரி நாறுது! காயறதுக்குள்ள தண்ணி ஊத்திடறேன் சார்!"

"தொடாதே! ஆதாரம்!" என்று மோப்பம் கையை விரித்துக் குறுக்கே நின்றார்.

வெயிலில் அது காய்ந்தது. காய்ந்து முடிந்தபோது அந்த இடத்தில் கண்ணில் புரை விழுந்த மாதிரி வெளுப்பாக ஒரு திட்டு. அந்த இடத்தில் இனிமேல் யாருடைய முகமும் தெரியாது.

மறுநாள் இயக்குநர் முன்னிலையில் குழு கூடியது. டிரைவரைச் சுவரோரமாக நிற்க வைத்திருந்தார்கள். 'இருந்தாலும்' தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, எல்லாக் கோணத்துலயும் ஆராய்ஞ்சுட்டோம். பெயின்ட் கெட்டதுக்குக் காரணம் டிரைவர்தான். அவனே முதல் நாளே ஒப்புக்கிட்டான்."

"அது கீறல் சார்!" என்றான் டிரைவர். "கீறல் நான்தான். இந்த வெள்ளை நான் பண்ணல."

"அன்னிக்கு நான்தான்னு சொன்னே. இன்னிக்கு நான் இல்லேங்கறே" என்றார் மோப்பம். "ரெண்டுல எது பொய்?"

"ரெண்டும் உண்மை சார்."

"ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்? ஒரு உண்மை இருக்கறதே இங்க கஷ்டம்."

இயக்குநர் சிந்தனையோடு தலையசைத்தார். "அன்னிக்கு அவன் சொன்னப்ப நான் நம்பல. நம்பாதது என் கடமை. இன்னிக்கு நம்பறது என் கடமை. கடமைன்னா சமயத்துக்குத் தகுந்த மாதிரி இருக்கணும். சரி, உறுப்பினர்கள் எல்லாரும் ஒருமனதாத்தானே?"

'இருந்தாலும்' போர்டம்மா பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "குழாயோட அவன் காருகிட்ட ஓடிவந்ததை நீங்க பாத்தீங்கல்ல? அதை மட்டும் சொன்னாப் போதும். பொய்யே இல்ல. வரவேற்பு மேசைக்குப் புது நாற்காலிகூட வந்தாச்சு. சுத்தற நாற்காலி."

போர்டம்மா டிரைவரைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை; தரையைப் பார்த்துக்கொண்டு, சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வான் என்று யோசிக்கிறான் போலும். எல்லைக் கிளையை நினைத்தாள். வாசல் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று ஒரு நினைப்பு, சம்பந்தமில்லாமல், வந்துபோனது. பிறகு பார்லர் எதிரில் அந்தக் கருப்புக் கண்ணாடி நின்றது, மாடிப்படியில் நாத்தனார் கேட்ட கேள்வி, தன் வீட்டுக்காரரையே தான் ஒரு மாதிரி பார்த்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"அவர் குழாயோட வந்தது காரைக் காப்பாத்த சார்" என்றாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. மோப்பத்தை நோக்கிக் கையை நீட்டினாள். "ஊத்தினது இவரு. முற்றம் முழுக்க ஆள் இருந்தாங்க, அத்தனை பேரும் பாத்தாங்க. தண்ணி ஊத்த விடாம தடுத்ததும் இவருதான்."

மோப்பம் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கோபப்படவில்லை. அவளை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்.

"உங்களை யார் இப்படிச் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். கண்ணால பாத்தேன்."

"வரவேற்பு மேசையைக்கூட வேண்டாம்னு சொல்ற அளவுக்கு உங்களுக்கு வேற எங்கிருந்தோ கிடைக்குது" என்றார் மோப்பம் மெதுவாக.

கூட்டக் குறிப்பில், உறுப்பினர் சந்தேகத்துக்கு இடமளிக்கும் வகையில் உண்மை பேசினார் என்று எழுதப்பட்டது. முற்றத்தில் அத்தனை பேரும் பார்த்திருந்ததால் டிரைவரை வேலையைவிட்டு அனுப்ப முடியவில்லை. வாரியத்தில் எல்லோரும் சந்தேகத்தின் பேரில்தான் இருக்கிறார்கள், அவனும் அப்படியே இருந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். எந்த ஷாம்பையும் தேர்ந்தெடுக்க யாரும் முன்வரவில்லை. ஒன்றை நல்லது என்று சொன்னால் அந்தக் கம்பெனி ஆள் என்று ஆகிவிடும். ஆகவே இயக்குநருக்கு அழுக்கு தெரியாத சாம்பல் நிறத்தில் வேறு கார் வந்தது. கருப்புக் கார் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, ஏலத்துக்குப் போகட்டும் என்று வேப்பமரத்தடியில் தள்ளப்பட்டது. போர்டம்மாவுக்கு எல்லைக் கிளை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரர் தட்டோடு படியில் நின்றுகொண்டிருந்தார். மேலேயிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"அவன் மூஞ்சிக்கு நேராவேவா சொன்னீங்க?"

"ஆமா."

"ஊத்தினது நீதான்னா?"

"நீங்கதான்னு சொன்னேன். மரியாதையாத்தான்."

நாத்தனார் படியில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு எழுந்து கீழே வந்து, தட்டை எடுத்துவைத்துக்கொண்டு, "எனக்கும் போடுங்க அண்ணி" என்றாள். வீட்டுக்காரர் பல நாளைக்குப் பிறகு ஒரே இடத்தில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டார். "எல்லைதானே, போய்த்தான் பாப்போமே. எனக்கு எந்த ஊரா இருந்தா என்ன" என்றார் நடுவில்.

"செடியை நான் பாத்துக்கறேன்" என்றாள் நாத்தனார். அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

கடைசி நாள் மாலை, எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்று போர்டம்மா அறை அறையாகப் போனாள். அவளோடு பேசுவதைப் பார்த்தால் தப்பாக நினைப்பார்கள் என்று எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. கைப்பையை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, மரத்தடியில் டிரைவர் கருப்புக் காரின் பக்கத்தில் ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தான்.

"வாங்கக்கா" என்றான். "இது இப்ப வாரியத்து வண்டி இல்ல. யாரும் கேக்க முடியாது. அசிங்கமா நிக்குதேன்னு மனசு கேக்கல. ஏலத்துல எடுக்கறவனாவது நல்ல வண்டின்னு நினைச்சு எடுக்கட்டும்."

"என்ன போட்டுக் கழுவப் போறீங்க?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? சும்மா தண்ணிதான். இந்தத் தடவை நார் இல்ல" என்று சிரித்து, தோளில் கிடந்த பழைய பனியனைக் காட்டினான்.

போர்டம்மா கைப்பையை மரத்தடியில் வைத்தாள். கையை மடித்துவிட்டுக்கொண்டாள். தான் எறிந்த சேற்றைத் தானே கழுவுவதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. அவன் குழாயைப் பிடிக்க, அவள் துடைத்தாள். சேறு கரைந்து ஓடியது. கீறல் போகவில்லை, வெள்ளைத் திட்டு போகவில்லை. மற்றபடி கார் பார்க்கும்படியாக இருந்தது. கதவில் அவள் முகம், கொஞ்சம் சிலந்தி வலையோடு, தெரிந்தது. நேரில் இருப்பதைவிட நன்றாகவே இருந்தது.

நிமிர்ந்தபோது மாடி ஜன்னல்கள் எல்லாம் தலைகளால் நிறைந்திருந்தன. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மோப்பம் வந்தார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். விரலால் கதவைத் தொட்டு, விரலை முகர்ந்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"தண்ணி சார்" என்றான் டிரைவர்.

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி."

"எந்தக் கம்பெனி?"

டிரைவர் போர்டம்மாவைப் பார்த்தான். அவள் பனியனைப் பிழிந்து, கிளையில் காயப்போட்டு, கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். இப்போது புறப்பட்டால் வீட்டுக்குக் கூட்டமில்லாத பஸ் கிடைக்கும்.

மோப்பம் பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சீசாவை எடுத்தார். குழாயடிக்குப் போய் வழிய வழியப் பிடித்தார். மூடியை இறுக்கித் திருகி, மாலை வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நிறம் இல்லை, நெடி இல்லை, உள்ளே ஒரு துளி கசடு இல்லை. இவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் அவருடைய சந்தேகத்தைக் கிளப்பியது.